கம்ப்யூட்டர் போட்ட லெவலுக்கு நான் கையெழுத்துப் போடலாமா?

அமெரிக்க மருத்துவக் குழுக்களுக்கு மெடிக்கல் கோடிங் (நோயையும் சிகிச்சையையும் பில்லுக்கான குறியீடுகளாக மாற்றும் வேலை) செய்து தரும் நிறுவனம் ஒன்றில் டீம் லீடாக இருக்கும் வாசகி எழுதியிருக்கிறார். ஒன்பது வருட அனுபவம், கீழே 14 கோடர்கள். ஒரு பொது மருத்துவக் குழுவும் ஓர் இதயநோய்க் குழுவும் இவருடைய பொறுப்பில் இருக்கின்றன. டாக்டர் எழுதிய குறிப்பைக் கொடுத்தால் 99213, 99214 என்று விசிட்டின் லெவலை (எண் கூடினால் கட்டணமும் கூடும்) தானாகவே சொல்லும் மென்பொருளை இரண்டு புரோகிராமர்களுடன் சேர்ந்து உருவாக்கும்படி நிர்வாகம் சொன்னது. 2019 முதல் 2023 வரை காப்பீட்டிலிருந்து பணம் வந்த கிளெய்ம்களையும் அவற்றின் குறிப்புகளையும் வைத்துப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். 1000 விசிட்களில் சோதித்தபோது 920-இல் பழைய கோடும் மென்பொருள் சொன்ன கோடும் ஒத்துப்போயின. மீதி 80-இல் 62-க்கு மென்பொருள் ஒரு படி மேலே போட்டது, 18-க்குக் கீழே போட்டது. அடுத்த காலாண்டிலிருந்து மனிதக் கண் படாமல் நேரே அனுப்பிவிடலாம், சந்தேகம் வந்தால் கீழ் லெவலைப் போட்டால் ஆபத்தில்லை என்கிறது நிர்வாகம். "சரிபார்க்கப்பட்டது" என்று இவரைக் கையெழுத்திடவும் கேட்கிறது. 92 சதவீதம் போதுமா, தவறு நடந்தால் யார் பொறுப்பு, கோடர்களின் வேலை என்னவாகும் என்பவை இவருடைய கேள்விகள். இடையில் இன்னொன்றையும் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறார்: தொடக்கத்தில் 40 குறிப்புகளைப் பெயரை மட்டும் அழித்துவிட்டு ஒரு இலவச ஏஐ அரட்டைத் தளத்தில் ஒட்டிப் பார்த்தார்களாம்.

அன்புள்ள வாசகிக்கு, நீங்கள் கேட்காத அந்தக் கடைசி விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன். மற்றதெல்லாம் ஒரு வாரம் காத்திருக்கலாம், அது காத்திருக்காது.

முதலில் அந்த 40 குறிப்புகள்

பெயரை எடுத்துவிட்டால் நோயாளியின் அடையாளம் போய்விட்டது என்று ஹிப்பா எனும் அமெரிக்க மருத்துவத் தனியுரிமைச் சட்டம் ஏற்பதில்லை. அடையாளம் நீக்குவதற்கு அது சொல்லும் எளிய வழியில் 18 வகைத் தகவல்கள் போக வேண்டும். விசிட் நடந்த தேதி, மருத்துவப் பதிவு எண், தொலைபேசி எண், ஊர், 89-க்கு மேற்பட்ட வயது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஒரு சாதாரண விசிட் குறிப்பில் தேதி மட்டுமே ஐந்தாறு இடங்களில் இருக்கும். அந்தத் தளத்தோடு உங்கள் நிறுவனத்துக்கு, நோயாளித் தகவலைக் காப்பதற்கான வணிகக் கூட்டாளி ஒப்பந்தம் இல்லையென்றால், நோயாளித் தகவல் அனுமதியில்லாமல் வெளியே போயிருக்கிறது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எந்த 40, எந்தத் தேதியில், யாருடைய கணக்கிலிருந்து போனவை என்று எழுதி உங்கள் தனியுரிமை அதிகாரியிடம் இன்றே கொடுத்துவிடுங்கள். விதிமீறல் என்று முடிவானால், தாமதமில்லாமல், விஷயம் தெரிந்த நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாட்களுக்குள் மருத்துவக் குழுவுக்குத் தெரிவிக்கும் கடமை உங்கள் நிறுவனத்துக்கு உண்டு. அரட்டை வரலாற்றை அழித்துவிட்டு விஷயத்தை முடித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அழித்தால் என்ன போனது என்பதற்கான சான்றும் சேர்ந்து போய்விடும். குழுவோடு உள்ள ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். தகவல் அமெரிக்காவுக்கு வெளியே போகக் கூடாது என்று சில மாநிலங்களின், ஏழைகளுக்கான மெடிகெய்ட் காப்பீட்டுத் திட்டங்கள் தடை வைத்திருக்கின்றன.

92 சதவீதம் எதை அளந்தது?

பழைய கோடர்களைப் போலவே மென்பொருளும் கோடு போடுகிறதா என்பதைத்தான் நீங்கள் அளந்திருக்கிறீர்கள். அந்தக் கோடு சரியா என்பதை இன்னும் அளக்கவில்லை. "பணம் வந்துவிட்டதே, அப்படியானால் சரிதானே" என்று கேட்டிருக்கிறீர்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு 837பி எனும் மின்னணு கிளெய்ம் கோப்பில் போவது கோடு, அதோடு சேரும் கூடுதல் குறியான மாடிஃபையர், ஐசிடி-10 நோய்க் குறியீடு, தேதி, சிகிச்சை நடந்த இடம் போன்றவைதான். டாக்டரின் குறிப்பு அதில் போவதில்லை. ஆகவே பணம் வந்தது என்றால் படிவ விதிகளில் சிக்கவில்லை என்று மட்டுமே பொருள். குறிப்பு லெவலைத் தாங்குகிறதா என்பதை அவர்கள் ஆடிட்டின்போதுதான் பார்ப்பார்கள்.

பயிற்சித் தரவிலேயே ஒரு பிளவும் இருக்கிறது. 2021 ஜனவரி 1-க்கு முன் கிளினிக் விசிட்களின் லெவல் 1995, 1997 வழிகாட்டுதல்களின்படி, நோய் வரலாறு எத்தனை அம்சம், உடல் பரிசோதனை எத்தனை உறுப்பு என்று எண்ணிப் போடப்பட்டது. அன்றிலிருந்து 99201 நீக்கப்பட்டது. லெவலைத் தீர்மானிப்பது எம்டிஎம் எனப்படும் மருத்துவ முடிவெடுப்பு, அல்லது அன்றைய மொத்த நேரம். உங்கள் ஐந்து வருடத் தரவில் இரண்டு வருடம் செத்துப்போன விதியில் கோடு போடப்பட்டவை. அவற்றைப் படித்த மென்பொருள் "நீளமான குறிப்பு, பெரிய லெவல்" என்று கற்றிருக்க வாய்ப்பு அதிகம். இன்றைய குறிப்புகளில் கணிசமான பகுதி, போன விசிட்டிலிருந்து நகலெடுத்து ஒட்டியவை. நீளத்துக்குக் கூலி கொடுக்கும் மென்பொருள் அங்கேதான் ஏமாறும். 2021-க்கு முந்தையவற்றைத் தயங்காமல் தூக்கிவிடுங்கள்.

அந்த 80-ஐயும் பார்ப்போம். தவறு தற்செயலானது என்றால் மேலும் கீழும் ஏறக்குறைய சமமாகச் சிதறியிருக்கும். உங்களுக்கு 62-க்கு 18. ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது. ஆடிட்டர் முதலில் பார்ப்பது இந்தச் சாய்வைத்தான்.

நம்பத்தக்க சோதனை வேண்டுமென்றால் 2023-க்குப் பிந்தைய 300 குறிப்புகளை எடுங்கள். மென்பொருள் பார்த்திராத டாக்டர்களின் குறிப்புகளும் அதில் இருக்கட்டும். பழைய கோடை மறைத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கோடர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் கோடு போடட்டும். முரண்பட்டால் மூன்றாமவர் தீர்க்கட்டும். அந்த இரண்டு கோடர்களே 85 சதவீதம்தான் ஒத்துப்போகிறார்கள் என்றால், மென்பொருள் 92 என்று சொல்வதில் ஏதோ ஏமாற்று இருக்கலாம். 300 குறிப்புகளில் 92 கிடைத்தாலும் அதன் உண்மை மதிப்பு ஏறக்குறைய 89-க்கும் 95-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். 99215, 99205 போன்ற உச்ச லெவல்கள் அரிதாக வருபவை, ஆனால் ஆடிட்டில் முதலில் இழுக்கப்படுபவை. அவற்றை வேண்டுமென்றே கூடுதலாகச் சேர்த்துத் தனிக் கணக்காக வையுங்கள்.

எண்ணைக் கேட்காமல் சான்றைக் கேளுங்கள்

உங்கள் மென்பொருளின் அடிப்படைக் கோளாறு அதன் வடிவத்திலேயே இருக்கிறது. குறிப்பை வாங்கி நேரே 99214 என்று துப்புகிறது. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. வேலையை இரண்டாகப் பிரியுங்கள். மொழி மாதிரி எனப்படும் ஏஐ, குறிப்பிலிருந்து உண்மைகளை மட்டும் பொறுக்கித் தரட்டும். லெவலைச் சாதாரண விதி நிரல் கணக்கிடட்டும்.

பொறுக்க வேண்டியவை இவை. ஒவ்வொரு பிரச்சினைக்கும் அதன் பெயர், நிலை, இன்று அதற்கு டாக்டர் என்ன செய்தார். ஒவ்வொரு பரிசோதனைக்கும் அதன் சிபிடி எண் (மருத்துவச் சேவைக்கான குறியீடு), இன்று எழுதப்பட்டதா அல்லது முடிவு பார்க்கப்பட்டதா, முன்பு எழுதியது யார். ஒவ்வொரு மருந்துக்கும் தொடங்கியது, நிறுத்தியது, அளவை மாற்றியது, காரணத்தோடு தொடர்ந்தது என்று ஒரு வினை. வெளியிலிருந்து வந்த குறிப்புகள் எங்கிருந்து வந்தன, வெளி டாக்டரோடு பேச்சு நடந்ததா, நோயாளி சொல்ல முடியாமல் வேறொருவர் வரலாறு சொன்னாரா. ஒவ்வொன்றுக்கும் குறிப்பிலிருந்தே சொல் மாறாத மேற்கோள் ஒன்று வேண்டும். அந்த மேற்கோளைக் குறிப்பில் எழுத்துக்கு எழுத்து தேடும் ஒரு சிறு நிரலைப் போடுங்கள், கிடைக்காவிட்டால் அந்தச் சான்றைத் தள்ளிவிடட்டும். மாதிரி கற்பனை செய்து எழுதுவதை இந்த ஒரு வடிகட்டியே பெரும்பாலும் பிடித்துவிடும்.

பிறகு விதி உங்களுக்குத் தெரிந்ததுதான்: பிரச்சினை, டேட்டா, ரிஸ்க் மூன்றில் இரண்டு அந்த லெவலை எட்ட வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு. சைனஸ் அழற்சி, ஆன்டிபயாட்டிக் எழுதப்பட்டது, வேறு பரிசோதனை இல்லை. மருந்து எழுதியதால் ரிஸ்க் மிதமானது. ஆனால் பிரச்சினை சிக்கலில்லாத திடீர் நோய், அதாவது குறைந்த லெவல். டேட்டா இல்லை. மூன்றில் இரண்டு என்று பார்த்தால் 99213-தான். நேரே எண்ணைத் துப்பும் மென்பொருட்கள் ஆன்டிபயாட்டிக்கைக் கண்டதும் 99214-க்குத் தாவுவது வழக்கம். உங்கள் 62-இல் இப்படிப்பட்டவை எத்தனை என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

மற்ற தவறுகளும் பெரும்பாலும் சில இடங்களிலேயே குவிந்திருக்கும். மருந்துப் பட்டியலில் மெட்டோப்ரோலோல் இருப்பது மருந்து மேலாண்மை ஆகாது. அதைப் பற்றி இன்று டாக்டர் யோசித்தது எழுத்தில் இருக்க வேண்டும். "சிறுநீரகக் கோளாறு, அதற்கான நிபுணர் பார்க்கிறார்" என்று மட்டும் இருந்தால் அந்தப் பிரச்சினை இன்று கையாளப்பட்டதாகாது. போன விசிட்டில் எழுதிய ரத்தப் பரிசோதனை அன்றே எண்ணப்பட்டுவிட்டது, இன்று முடிவைப் பார்த்ததற்கு மறுபடி எண்ணக் கூடாது. ஒரே சிபிடி எண்ணில் வரும் பேனல் ஒரு பரிசோதனைதான், அதற்குள் 14 அளவீடுகள் இருந்தாலும். எதிர்த் திசையிலும் ஒன்று: ரத்த அழுத்தம் ஆறு மாதமாக 160-லேயே அசையாமல் நின்றால் மென்பொருள் அதை "நிலையானது" என்று வாசிக்கும். சிபிடி வரையறையில் சிகிச்சை இலக்கை எட்டாதது நிலையானது அல்ல. அந்த 18-இல் சில இப்படி விழுந்திருக்கலாம்.

இதயநோய்க் குழுவுக்கு மட்டும்

ஈசிஜி எடுத்து, 93000 என்று அதே குழுவே பில் போட்டால், அந்த ஈசிஜியை எழுதியதும் பார்த்ததும் எம்டிஎம் டேட்டாவில் சேராது. இதயநோய் கிளினிக்கில் ஏறக்குறைய எல்லா விசிட்டிலும் ஈசிஜி இருக்கும். அதனால் இந்த ஒரு தவறு ஆயிரம் தவறாகப் பெருகும். மென்பொருள் குறிப்பை மட்டும் பார்த்தால் போதாது, அன்று வேறு என்ன பில் ஆகிறது என்பதும் அதன் கண்ணில் பட வேண்டும்.

நச்சுத்தன்மைக்காகத் தீவிரக் கண்காணிப்பு தேவைப்படும் மருந்து என்பது உயர் ரிஸ்க். அமியோடரோன் என்ற பெயரைக் கண்டவுடன் அங்கே ஏறிவிடக் கூடாது. கண்காணிப்பு நச்சுத்தன்மைக்காக இருக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது நடக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டும் கல்லீரலும் பார்ப்பது அதை எட்டாது. "நெஞ்சுவலி கூடினால் அவசரப் பிரிவுக்குப் போங்கள்" என்ற வழக்கமான வரியும் மருத்துவமனையில் சேர்ப்பது பற்றிய முடிவு ஆகாது.

புதிய நோயாளியா பழைய நோயாளியா என்பது மூன்று வருடக் கணக்கு: அதே குழுவில் அதே சிறப்புப் பிரிவில் யாராவது நேரில் பார்த்திருந்தால் பழையவர். டாக்டர்களோடு பணிபுரியும் நர்ஸ் பிராக்டிஷனர் பார்த்திருந்தாலும் அதே கணக்குதான். மருத்துவமனையில் ஈசிஜியை மட்டும் படித்துச் சொன்னது நேரில் பார்த்ததாகாது. மென்பொருளுக்கு ஒரு வருட வரலாறுதான் கொடுத்திருக்கிறீர்கள் என்றால் பழையவர்கள் பலர் புதியவர்களாகத் தெரிவார்கள். இதற்கு ஏஐ வேண்டாம், பழைய கிளெய்ம் அட்டவணையில் ஒரு தேடல் போதும்.

நேரம்

மின்பதிவில் சார்ட் திறந்திருந்த நேரத்தை விசிட் நேரமாக எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். இதை உடனே நிறுத்துங்கள். டாக்டர் சாப்பிடப் போனாலும் சார்ட் திறந்தே கிடக்கும். எண்ணக்கூடியது விசிட் நடந்த அதே தேதியில் டாக்டரோ தகுதி பெற்ற மருத்துவப் பணியாளரோ தாமே செலவிட்ட நேரம் மட்டும். நர்ஸ், உதவியாளர் நேரம் சேராது. தனியாக பில் ஆகும் சோதனையின் நேரமும் சேராது. 2024 முதல் இது நிமிட வரம்பாக இல்லாமல் குறைந்தபட்ச நிமிடமாக இருக்கிறது: பழைய நோயாளிக்கு 99212 முதல் 99215 வரை 10, 20, 30, 40. புதியவருக்கு 99202 முதல் 99205 வரை 15, 30, 45, 60. மொத்த நேரத்தை டாக்டர் தம் குறிப்பில் எழுதியிருந்தால் மட்டுமே இந்த வழியைத் திறக்கட்டும்.

ஒரு மலிவான காவல்: ஒரு டாக்டரின் ஒரு நாள் நேரங்களைக் கூட்டுங்கள். 26 விசிட், ஒவ்வொன்றிலும் "40 நிமிடம்" என்ற அச்சு வரி என்றால் 17 மணி நேரத்தைத் தாண்டிவிடும். ஆடிட்டரும் இதே கூட்டலைத்தான் போடுவார்.

எதை நேரே அனுப்பலாம், எதை நிறுத்த வேண்டும்

"சந்தேகம் வந்தால் கீழே போடு" என்பது பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. குறைத்துப் போட்டதும் தவறான கோடுதான். டாக்டரின் உரிய பணம் போகிறது, மேலே போட்ட தவறுகளுக்கு அது ஈடாகவும் ஆகாது. சந்தேகம் வந்தால் மனிதரிடம் போக வேண்டும்.

ஆனால் சந்தேகம் வந்தது என்று எப்படித் தெரியும்? "95 சதவீதம் உறுதி" என்று மாதிரி தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதை நம்பாதீர்கள். விதி நிரல் இருப்பதால் உங்களிடம் மேலான வழி உண்டு: சான்றுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு லெவலை மறுபடி கணக்கிடுங்கள். எந்த ஒரு சான்றைக் கழற்றினாலும் லெவல் அசையவில்லை என்றால் அது உறுதியான விசிட். சர்க்கரை இலக்கைத் தாண்டியது, மெட்ஃபார்மின் அளவு கூட்டப்பட்டது, ரத்த அழுத்தம் இலக்குக்குள் இருப்பதால் மாத்திரை காரணத்தோடு தொடரப்பட்டது என்றிருக்கும் குறிப்பில் எந்த வரியை எடுத்தாலும் 99214 நிற்கும். ஒரே வரியில் தொங்கும் லெவல் கோடரின் மேசைக்குப் போகட்டும், எந்த வரி என்ற அடையாளத்தோடு.

தொடக்கத்தில் நேரே அனுப்பக்கூடியவை பழைய நோயாளி, அன்று வேறு சேவை இல்லை, 99212 முதல் 99214, எம்டிஎம் வழி, கழற்றல் சோதனையில் அசையாதவை மட்டும். மாடிஃபையர் 25 (அதே நாளில் வேறு சேவையும் நடந்தது என்று காட்டுவது) வேண்டியவை, புதிய நோயாளிகள், 99215, நேர வழி, முந்தைய குறிப்போடு பெருமளவு ஒத்த குறிப்புகள் எல்லாம் மனிதரிடம். டாக்டர் தாமே தேர்ந்த லெவலும் கணக்கும் மாறுபட்டால் அதுவும்தான். டாக்டரிடம் விளக்கம் கேட்கும்போது "99214-க்கு இன்னொரு வரி சேர்க்க முடியுமா" என்று கேட்கக் கூடாது. "இந்த நோயின் இன்றைய நிலை என்ன" என்று திறந்த கேள்வியாகக் கேளுங்கள்.

முதல் எட்டு வாரம் மென்பொருள் எதையும் அனுப்பாமல் நிழலாக ஓடட்டும். பிறகும் நேரே போனவற்றில் வாரம் 5 சதவீதத்தைக் குலுக்கலில் எடுத்துப் பாருங்கள். இது ஒருபோதும் நிற்கக் கூடாது.

விதி அட்டவணை விசிட் தேதியைப் பார்க்க வேண்டும், நீங்கள் கோடு போடும் தேதியை அல்ல. டிசம்பர் 30 விசிட்டை ஜனவரியில் செய்தாலும் பழைய வருட விதிதான். காப்பீட்டாளருக்குக் காப்பீட்டாளர் மாறுவதும் அங்கேதான் இருக்க வேண்டும்: கூடுதல் நேரத்துக்கு சிபிடியில் 99417, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் ஜி2212, இரண்டும் தொடங்கும் நிமிடமும் வேறு. 2025-இல் வந்த 98000 வரிசை டெலிமெடிசின் கோடுகளை 98015 வரை மெடிகேர் ஏற்கவில்லை. கன்சல்டேஷன் கோடுகளுக்கு அது 2010-லிருந்தே பணம் தருவதில்லை.

பொறுப்பு யாருக்கு?

"மென்பொருள் போட்டது" என்பது யாருக்கும் கவசம் ஆகாது. மெடிகேர் கிளெய்முக்கு முதல் பொறுப்பு எந்த டாக்டர் பெயரில் போகிறதோ அவருக்கு. ஆனால் தவறான கிளெய்ம்களைத் தடுக்கும் ஃபால்ஸ் கிளெய்ம்ஸ் சட்டம் அவை போகக் காரணமானவர்களையும் தொடுகிறது. "தெரிந்தே" என்பதில் கண்ணை மூடிக்கொண்டதும் அசட்டை செய்ததும் அடங்கும். 62-க்கு 18 என்று சோதனை சொன்ன பிறகும் அனுப்பினால் தெரியாது என்று சொல்வது கடினம். உங்கள் நிறுவனம் வசூலில் சதவீதக் கூலி வாங்குகிறது என்றால் இன்னும் கவனம். அமெரிக்க மத்திய சுகாதாரத் துறையின் கண்காணிப்பு அலுவலகமான ஓஐஜி, பில்லிங் நிறுவனங்களுக்கான 1998 வழிகாட்டுதலிலேயே அந்த ஏற்பாட்டின் மீது கவலை தெரிவித்திருக்கிறது.

நீங்கள் எதிர்பார்க்காத ஒன்று வரும். 300 குறிப்புகளை மறைத்துக் கோடு போடும்போது, முன்பே பணம் வாங்கிய சில மெடிகேர் கிளெய்ம்கள் அதிகமாகப் போடப்பட்டவை என்று தெரியவரும். அதை மேசை இழுப்பறையில் பூட்ட முடியாது. அதிகப் பணம் கண்டறியப்பட்டால் 60 நாட்களில் திருப்ப வேண்டும். 2025 முதல், நேர்மையாக விசாரணை நடத்தினால் அந்தக் கெடுவை 180 நாட்கள் வரை நிறுத்திவைக்கலாம். பின்னோக்கிப் பார்க்கும் காலம் ஆறு வருடம். ஆகவே சோதனையைத் தொடங்கும் முன்பே மருத்துவக் குழுவின் விதிமுறைப் பொறுப்பாளருக்கும், முடிந்தால் அவர்களுடைய வழக்கறிஞருக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

கோடர்கள் விஷயத்தில் ஒளித்துச் சொல்ல மாட்டேன். சாதாரண விசிட்டுக்குக் கோடு போடும் ஆட்கள் குறைவார்கள். ஆனால் மேலே சொன்ன இரட்டைக் கோடிங், தொங்கும் லெவல், டாக்டரிடம் கேள்வி, வாராந்திர 5 சதவீதம் எல்லாம் அனுபவக் கோடர்கள் செய்ய வேண்டியவை. உங்கள் 14 பேரில் யாருக்கு நாட்டம் இருக்கிறதோ அவர்களை சிபிஎம்ஏ ஆடிட்டர் தேர்வுக்கு இப்போதே தயார்ப்படுத்துங்கள்.

"சரிபார்க்கப்பட்டது" என்ற ஒற்றைச் சொல்லுக்குக் கீழே கையெழுத்து வேண்டாம். நிர்வாகத்துக்கு இப்படி ஒரு மின்னஞ்சல் அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள்: "1000 விசிட்களில் பழைய கோடுகளோடு ஒப்பிட்டோம், 920 ஒத்தன. மாறிய 80-இல் 62 மேல்நோக்கியவை. பயிற்சித் தரவில் 2021-க்கு முந்தைய விதியில் போட்டவையும் உள்ளன. நேரம் சார்ட் திறந்திருந்த அளவிலிருந்து எடுக்கப்பட்டது. தனித்த கோடர்களைக் கொண்டு இன்னும் சோதிக்கவில்லை. அந்தச் சோதனை முடியும்வரை மனிதப் பார்வையின்றி அனுப்பப் பரிந்துரைக்கவில்லை."